வாசல் கமராவின் எண்

அவர்கள் கேற்றை உதைத்தபோது நான் குசினியில் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டில் தகரம் இறக்குகிறார்கள் என்றுதான் நினைத்தேன். அடுத்த உதையில் கேற்றின் கொளுக்கி பிய்ந்து முற்றத்துச் சீமெந்தில் விழுந்து உருண்டது. நல்ல வெயில். பாடசாலை விட்டு வந்த சேலையோடுதான் நின்றேன்.

முகத்தைத் துணியால் கட்டியிருந்தார்கள். எல்லோர் கையிலும் வாள். முதலில் யன்னல் கண்ணாடிகள் போயின. பிறகு ஹோலில் இருந்த தொலைக்காட்சி. ஒருவன் மகனுடைய மோட்டார் சைக்கிளைச் சரித்துவிட்டுப் பெற்றோலை ஊற்றினான். கொஞ்சமும் பதறாமல், பூமரத்துக்குத் தண்ணீர் விடுகிறவன் போல ஊற்றினான். நெருப்பு எழும்பியபோதுதான் நான் கத்தினேன். கத்தியது எனக்கே கேட்கவில்லை.

அவர்கள் ஒரு பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். திரும்பத் திரும்ப அந்த ஒரே பெயர். அது என் மகனின் பெயர் அல்ல.

"வெளியிலை வாடா! எங்கையடா ஒளிச்சிருக்கிறாய்?"

மகன் அறையிலிருந்து ஓடி வந்தான். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருந்தவன். என்னை மறைப்பதற்காகத்தான் வந்தான் என்று பிறகு சொன்னான். முன்னால் நின்றவன் வாளை ஓங்க, இவன் இடது கையைத் தூக்கினான். பச்சைத் தென்னமட்டையைக் கொத்துகிற சத்தம். இன்றைக்கும் வீட்டுக்கு முன்னால் உள்ள ஒழுங்கையில் யாராவது மட்டை கொத்தினால் நான் எழுந்து உள்ளே போய்விடுவேன்.

மகன் சுவரோடு சரிந்தான். வெட்டியவன் குனிந்து, வாள் நுனியால் மகனின் தாடையை நிமிர்த்திப் பார்த்தான்.

"டேய், உவன் இல்லையடா."

"வீடு இதுதானே?"

"வீடு சரி. ஆள்தான் வேறை."

அவ்வளவுதான். பிழையாக வந்த சாமானைத் திருப்பி வைக்கிற மாதிரி மகனின் முகத்தை விட்டார்கள். போகும்போது ஒருவன் மட்டும் என் பக்கம் திரும்பினான். குரலில் இன்னும் ஆண்பிள்ளைத்தனம்கூடச் சரியாக ஏறவில்லை.

"உவன் எங்கை இருக்கிறான் எண்டு உங்களுக்குத் தெரியும். தெரியாட்டி அறிஞ்சு வையுங்கோ. திரும்பி வருவம்."

மானிப்பாயில் அந்த வீட்டுக்கு நாங்கள் வாடகைக்கு வந்து அதிக காலம் ஆகவில்லை. எங்களுக்கு முன்னால் ஒரு தாயும் தகப்பனும் மகனும் இருந்தார்கள் என்று தெரியும். அந்த மகனின் பெயரும் தெரியும். குளியலறைக் கதவின் பின்பக்கத்தில் ஆணியால் கீறி வைத்திருந்தான். அவர்கள் ஏன் அவசரமாக வீட்டை விட்டுப் போனார்கள் என்று மட்டும் நாங்கள் கேட்கவில்லை. கிணற்றில் நல்ல தண்ணீர், பாடசாலைக்குக் கிட்ட, முற்றத்தில் மாமரம். வேறு என்ன கேட்க வேண்டும் என்று நினைத்தோம்.

யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரியில் மகனின் கையைத் தைத்தார்கள். நரம்பு ஒன்று அறுந்திருந்தது. சின்னவிரலும் அதற்கு அடுத்த விரலும் இன்னும் மடங்காது. மன்னாரில் வேலை செய்யும் என் கணவர் லீவு போட்டு வந்து நின்றுவிட்டுத் திரும்பிப் போனார். பொலிசில் வாக்குமூலம் கொடுத்தோம். அவர்கள் கேட்டது வேறு பெயர் என்று நான் சொல்லச் சொல்ல, எழுதிக்கொண்டிருந்தவர் பேனையை மூடிவிட்டு, "மகனுக்கு ஆரோடையும் பிரச்சினை இல்லையோ, வடிவாக் கேட்டுப்பாருங்கோ" என்றார். ஊரும் அதையேதான் கேட்டது. வாயால் கேட்காதவர்கள் கண்ணால் கேட்டார்கள். சும்மா வெட்டுவாங்களோ?

வேறு வீடு தேடினோம். வாள்வெட்டு நடந்த குடும்பம் என்றதும் எல்லா வீடும் யாருக்கோ ஏற்கெனவே பேசி முடிந்திருந்தது. ஆகவே திரும்பி வருவோம் என்று சொன்னவர்களுக்காக அதே வீட்டில் காத்திருந்தோம்.

பக்கத்து வீட்டு அண்ணை ஒரு ஏற்பாடு சொன்னார். வெங்காயத் தோட்டம் செய்கிறவர். சத்தமாகக்கூடக் கதைக்கமாட்டார். ஆட்டுக்குட்டியைத் தூக்கி வைத்துக்கொண்டு மதிலுக்கு மேலால் சொன்னார்:

"ரீச்சர், இனி எதெண்டாலும் கத்திக்கொண்டு நிக்காதையுங்கோ. பெரிய தட்டை எடுத்துக் கரண்டியாலை அடியுங்கோ. சத்தம் கேட்டா ஒழுங்கை முழுக்க வரும். நாங்கள் கதைச்சு வைச்சிருக்கிறம்."

கனடாவில் இருக்கிற என் தம்பி தன் பங்குக்குக் கமரா பூட்டுவித்தான். ஒரு இளைஞன் வந்து வாசல் மதிலில் ஒன்று, கிணற்றடியில் ஒன்று, வீட்டின் இரண்டு பக்கமும் ஒவ்வொன்று என்று பூட்டினான். ஹோலில் ஒரு கறுப்புப் பெட்டி. நாலு கமராவும் பிடிப்பதை அது பதிந்து புதுத் தொலைக்காட்சியில் நாலு கட்டமாகக் காட்டும். தம்பி அங்கிருந்தே தன் போனில் பார்ப்பான். இரண்டு நாடுகளில் இரண்டு பேர் ஒரே கேற்றைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பாடம் படிப்பிக்கும்போதுகூட மேசைக்குக் கீழே போனை வைத்துக் கேற்றைப் பார்ப்பேன். வீட்டில் மகன் தனியே.

பிறகுதான் அந்தக் கட்டங்கள் கறுக்கத் தொடங்கின.

முதல் தரம் மழைக்கால இடியோடு. இடி முழங்கினால் வீட்டில் உள்ள பிளக் எல்லாம் கழற்றுவது எங்கள் பழக்கம். தொலைக்காட்சி, குளிர்சாதனப் பெட்டி, வைபை றவுட்டர், ஒன்றும் விடமாட்டோம். இடி ஓய்ந்து திரும்பக் கொளுவினால் மூன்று கட்டங்களில் படம் வந்தது. கேற்றுக்குரிய கட்டம் கறுப்பு. நடுவில் 'இணைப்பு இல்லை' என்ற சொல். யாரோ கமராவை உடைத்துவிட்டார்கள் என்று நினைத்தேன். தேங்காய் உடைக்கிற கத்தியை எடுத்துக்கொண்டு கேற்றுக்கு ஓடினேன். கமரா தன் இடத்தில் சின்னச் சிவப்பு வெளிச்சத்தோடு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒழுங்கையில் ஒரு மாடு நின்றது.

அது அடிக்கடி நடந்தது. கரண்ட் போய் வந்தாலும் நடந்தது. சில நேரம் கேற்றுக் கட்டம், சில நேரம் கிணற்றடி. ஒவ்வொரு முறையும் நான் கத்தியோடு ஓடினேன். மகன் கட்டுப்போட்ட கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு சொன்னான்:

"அம்மா, இப்பிடி ஓடாதையுங்கோ. ஒரு நாளைக்குத் தபால்காரனை வெட்டிப்போடுவியள்."

பூட்டிய இளைஞன் வந்து எதையோ அழுத்திச் சரியாக்கிவிட்டுப் போவான். அடுத்த இடிக்குத் திரும்பக் கறுக்கும். கடைசியில் தம்பி வீடியோவில் வந்தான்.

"அக்கா, உங்கடை வீட்டிலை எத்தினை பேர் வைபை பாவிக்கினம்?"

"நானும் தம்பியும்தான்." மகனையும் நான் தம்பி என்றுதான் சொல்வேன்.

"பொய். இஞ்சையிருந்தே பாக்கிறன். சந்தை மாதிரி இருக்குது."

அப்போதுதான் யோசித்தேன். மகனைப் பார்க்க வந்தவர்கள். அப்பிளும் திராட்சையும் பிஸ்கற் பெட்டியுமாக நாள் முழுக்க வந்தார்கள். வந்து இருந்து, தேத்தண்ணி குடித்து, கட்டைப் பார்த்துக் கண் கலங்கி, அதே மூச்சில் கடவுச்சொல்லைக் கேட்டார்கள். ஒரு மாமி, "பிள்ளைக்கு இரவிலை நோகுதோ? ஐயோ. உந்த வைபை பாஸ்வேர்ட்டை ஒருக்காச் சொல்லுங்கோ, லண்டனிலை மகளுக்குக் காயத்தை வீடியோவிலை காட்டவேணும்" என்றார். சுகம் விசாரிக்க வந்தவர்களுக்கு இல்லை என்று சொல்ல முடியுமா? சொல்லவும் தேவையில்லை. வீட்டோடு வந்த றவுட்டர் அது. முன்னர் இருந்தவர்கள் அதன் தலையில் வெள்ளை பிளாஸ்டர் ஒட்டிக் கடவுச்சொல்லை எழுதி வைத்திருந்தார்கள்.

தம்பி விளங்கப்படுத்தினான்.

"றவுட்டர் ஒரு விடுதி மாதிரி அக்கா. போனோ கமராவோ, வாறதுக்கெல்லாம் வெறுமையா இருக்கிற அறை ஒண்டைக் குடுக்கும். அந்த அறை நம்பர்தான் ஐபி முகவரி. நீங்கள் இடிக்குப் பயந்து பிளக்கைக் கழட்ட, எல்லாரும் வெளியிலை. திரும்பப் போட்டா ஆர் முதல் வருகினமோ அவைக்கு முதல் அறை. கமரா எழும்பக் கொஞ்சம் நேரம் எடுக்கும். அதுக்கிடையிலை அதின்ரை அறைக்குள்ளை மாமியின்ரை போன் போய்ப் படுத்திட்டுது."

"அப்ப கறுப்புப் பெட்டி?"

"அதுக்கு ஒண்டும் தெரியாது. பழைய அறைக் கதவைத்தான் தட்டிக்கொண்டு நிக்கும். வீடு சரி, ஆள் வேறை."

அவன் யோசிக்காமல் சொன்ன வார்த்தை அது. சொன்ன பிறகு அவனுக்கும் உறைத்திருக்க வேண்டும். திரையில் அவன் முகம் கீழே போயிற்று. நான் யன்னலில் அடித்திருந்த பலகையைப் பார்த்தேன்.

"கமராவிலேயே ஒரு நம்பரை எழுதிவிட ஏலாதோ?" என்று பிறகு கேட்டேன். கணக்கு ரீச்சருக்கு வரக்கூடிய கேள்வி.

"ஏலும். ஆனா றவுட்டருக்கு அது தெரியாது. அதே நம்பரைத் தூக்கி இன்னொருத்தருக்கும் குடுத்திடும். ரெண்டு பேர் ஒரு அறைக்குள்ளை. பேந்து சண்டைதான். குடுக்கிறவனிட்டையே சொல்லி வைக்கவேணும் அக்கா. இந்தக் கமரா வந்தா இந்த நம்பர்தான், அது வராட்டிலும் வேறை ஆருக்கும் குடுக்காதை எண்டு."

"எந்தக் கமரா எண்டு அது எப்பிடி அறியும்?"

"ஒவ்வொண்டுக்கும் பிறக்கேக்கையே ஒரு எண் இருக்குது. மாறாது. கமராவின்ரை அடியிலை ஒட்டியிருக்கும். ஏறிப் பாருங்கோ."

அடுத்த நாள் பின்னேரம் பக்கத்து வீட்டு அண்ணையின் ஏணியை வாங்கி மதிலில் சாத்தினேன். பாடசாலைக்குப் போய் வந்ததைத் தவிர, அந்தச் சம்பவத்துக்குப் பிறகு நான் கேற்றுக்கு வெளியே முழு உயரத்தில் தெரியும்படி நின்றது அன்றுதான். மகன் கீழே நின்று நல்ல கையால் ஏணியைப் பிடித்தான். கமராவின் அடியில் எறும்பெழுத்து. எண்ணும் ஆங்கில எழுத்தும் கலந்து இரண்டிரண்டாகப் பிரித்து எழுதியிருந்தது. மூக்குக்கண்ணாடியைத் தூக்கித் தூக்கி நான் வாசிக்க, மகன் தனக்குள் சொல்லிக்கொண்டான்.

அப்போது ஒழுங்கை முடக்கில் மோட்டார் சைக்கிள் சத்தம். இறங்கவும் முடியவில்லை, ஏறவும் முடியவில்லை. மகன் ஏணியை விட்டுவிட்டு எனக்கும் ஒழுங்கைக்கும் நடுவில் வந்து நின்றான். அவன் கட்டுப்போட்ட கை தன்பாட்டில் முகத்துக்கு முன்னால் எழும்பியதைப் பார்த்தேன்.

வந்தது மீன்காரர். பெட்டியைப் பின்னால் கட்டிக்கொண்டு குருநகரிலிருந்து வருகிறவர்.

"என்ன ரீச்சர், மதிலாலை பாஞ்சு ஓடப்போறியளோ? என்ரை மீன் அவ்வளவு பழுதோ?"

நாங்கள் இருவரும் சிரிக்கவில்லை. அவர் எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு பெட்டியைத் திறந்து ஒரு பிடி நெத்தலியை அளவுக்கு மேலாகவே போட்டுத் தந்தார்.

அன்று போனில் றவுட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து, தம்பி சொல்லச் சொல்ல எழுதினேன். ஒரு கட்டத்தில் கமராவின் பிறவி எண், பக்கத்தில் அதற்கு நான் கொடுக்கிற முகவரி. கடைசி இலக்கங்களை வரிசையாக வைக்கச் சொன்னான், இருநூற்றொன்றிலிருந்து. இருநூற்றொன்று கேற்று. கிணற்றடி ஏற்றுக்கொண்டது, இரண்டு பக்கங்களும் ஏற்றுக்கொண்டன. இருநூற்றொன்றை மட்டும் றவுட்டர் ஏற்கவில்லை. அது ஏற்கெனவே ஒருவருக்கு ஒதுக்கப்பட்டது என்று சொன்னது.

யாருக்கு என்று பார்த்தேன். அவர்கள் கத்திய அதே பெயர்.

"ஓ, அவன் விளையாட்டுக் கொம்பியூட்டருக்கு நம்பரைக் கட்டி வைச்சிருக்கிறான். முந்தி இருந்தவன்தானே?" என்றான் தம்பி. "ஆள் போயிட்டான், றவுட்டர் இன்னும் இடம் பிடிச்சு வைச்சுக்கொண்டு இருக்குது. அழியுங்கோ."

அழிக்கவா என்று அது ஒருமுறை கேட்டது. என் மகனின் மடங்காத விரல்கள், எரிந்த மோட்டார் சைக்கிளின் கறுப்பு இன்னும் போகாத முற்றம், இரவில் அவன் பல்லைக் கடிக்கிற சத்தம். அழித்தேன். தேவைக்கு மேலான பலத்தோடு அழுத்தினேன். அந்த இடத்தில் வாசல் கமராவின் எண்ணை எழுதினேன். எழுதி முடித்ததும் றவுட்டரின் பிளக்கை இடி இல்லாமலே பிடுங்கித் திரும்பப் போட்டேன். நாலு கட்டங்களும் தங்கள் தங்கள் இடத்தில் வந்து அமர்ந்தன. அதற்குப் பிறகு ஒருமுறைகூடக் கறுக்கவில்லை.

"பாஸ்வேர்ட்டையும் மாத்துங்கோ அக்கா" என்றான் தம்பி. மாற்றினால் எல்லாக் கமராவுக்கும் திரும்பச் சொல்லிக் கொடுக்க வேண்டும். மீண்டும் ஏணி. பிறகு பார்ப்போம் என்றேன்.

அவன் வந்தது ஒரு சனிக்கிழமை, வெயில் தாழ்கிற நேரம். கணவருக்கு அந்தக் கிழமை வர முடியவில்லை. நான் தொலைக்காட்சிக்கு முன்னால் கதிரையில் இருந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். கேற்றுக் கட்டத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. முகம் முழுக்க மூடிய ஹெல்மெற். ஒழுங்கையின் இரண்டு பக்கமும் பார்த்தான். மணியை அடிக்கவில்லை. கேற்றுக்கு மேலால் கையை விட்டு, உள்பக்கத்தில் இடது பக்கம் கீழே இருக்கிற கொளுக்கியைப் பார்க்காமலே தேடினான். புதுக் கேற்றானாலும் கொளுக்கி பழைய இடத்தில்தான் இருந்தது. இந்த வீட்டை அறிந்தவனைத் தவிர வேறு ஒருவனுக்கும் அது அங்கே இருப்பது தெரியாது. இந்த வீட்டை அறிந்தவர்கள் என்றால் எனக்கு ஒரு கூட்டம்தான் தெரியும்.

தட்டை எப்போது எடுத்தேன் என்று தெரியாது. அடித்தேன்.

அண்ணை சொன்னது பொய்யில்லை. ஒழுங்கை முழுக்க வந்தது. நான் அதைத் திரையில் பார்த்தேன். மண்வெட்டிப் பிடி, உலக்கை, ஒரு சைக்கிள் பம்ப்கூட. அண்ணைதான் முதல் அடி அடித்தார். ஆட்டுக்குட்டி தூக்கித் திரிகிற அந்த மனிதர் மண்வெட்டிப் பிடியைத் தலைக்கு மேல் ஓங்கி அடித்தார். வந்தவன் மோட்டார் சைக்கிளோடு விழுந்தான். பிறகு எனக்குத் தெரிந்தவர்களின் முதுகுகள்தான் திரையில் தெரிந்தன. என்னிடம் படித்த பிள்ளைகளின் தகப்பன்மார். முதுகுகள் குனிந்து குனிந்து நிமிர்ந்தன. கமராவில் சத்தம் இல்லை. ஆனால் யன்னல் பலகைக்கு அப்பாலிருந்து வந்தது. கால் உதைக்கிற சத்தம். மூச்சு வாங்குகிற சத்தம். அதற்குள் ஒரு குரல் "ஐயோ, நான் கதைக்க வந்தனான், கதைக்க வந்தனான்" என்று.

ஹெல்மெற் கழன்று உருண்டது.

"டேய், உவன் முந்தி இஞ்சை இருந்தவனெல்லே!" அண்ணையின் குரல்.

நிறுத்துவார்கள் என்று நினைத்தேன். இல்லை. அதற்குப் பிறகுதான் உண்மையாக அடித்தார்கள். "உன்னாலைதானடா அந்தப் பிள்ளையை வெட்டினவங்கள்! உனக்காகத்தானடா!" உலக்கை எழும்பியது, விழுந்தது.

என் கை தட்டை அடித்துக்கொண்டே இருந்தது. அவன் யார் என்று தெரிந்த பிறகும் அடித்தது. நிறுத்த வேண்டும் என்று எனக்குத் தெரியும். கை கேட்கவில்லை. நான் அடிக்க அடிக்க அவர்கள் அடித்தார்கள். மகன் அறையிலிருந்து வந்து திரையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"அம்மா! தட்டை வையுங்கோ!"

பிடுங்கி எறிந்துவிட்டு வெளியே ஓடினான். வாசல் கட்டத்தில் அவனைக் கண்டேன். முதுகுகளைத் தள்ளிக்கொண்டு போய், விழுந்து கிடந்தவனுக்கு மேல் குனிந்து நின்றான். தைத்த கையை மறுபடி தலைக்கு மேலே தூக்கினான். அண்ணையின் மண்வெட்டிப் பிடி அந்தக் கைக்கு ஒரு சாணுக்கு மேலே நின்றது. நின்றுவிட்டது.

"அண்ணை, காணும். எனக்கும் இப்பிடித்தான் அடிச்சவங்கள். கேக்காமல் அடிச்சவங்கள்."

அண்ணை பிடியைக் கீழே போட்டார். பிறகு மதிலோடு போய் நின்று வாந்தி எடுத்தார்.

அவனை ஹோலுக்குக் கொண்டுவந்து இருத்தினோம். அவன் வீடாக இருந்த ஹோல். காதுக்குப் பின்னால் கிழிந்து இரத்தம் கழுத்தால் இறங்கியது. ஒரு கண் மூடிவிட்டது. என் மகனைவிட ஒரு வயது கூட இருக்கலாம். துவாயை நனைத்து வைத்தேன். அவனுடைய காற்சட்டைப் பையிலிருந்த போன் விடாமல் முனகியது. இந்த வீட்டு வைபை இன்னும் அதன் நினைவில் இருந்திருக்கிறது. தேங்கிக் கிடந்த செய்திகள் எல்லாம் வந்து விழுந்துகொண்டிருந்தன.

அவன் போனை எடுக்கவில்லை. பல்லில் பட்ட இரத்தத்தை விழுங்கிவிட்டுச் சொன்னான்:

"இனி அவங்கள் இஞ்சை வரமாட்டாங்கள் அன்ரி. அதைச் சொல்லத்தான் வந்தனான்."

"உனக்கு எப்பிடித் தெரியும்?"

"நானே அவங்களுக்குச் சொல்லிப்போட்டன். இப்ப இருக்கிற வீட்டின்ரை விலாசம். சுன்னாகத்துப் பக்கம். கேற்றையும் போட்டோ எடுத்து அனுப்பினனான். இல்லாட்டித் திரும்பவும் இஞ்சை வந்திடுவாங்கள் எண்டு பயமாயிருந்தது."

மகன்தான் கேட்டான்:

"உனக்கென்ன விசரோ? அம்மா அப்பா?"

"அவையைச் சாவகச்சேரியிலை மாமி வீட்டிலை விட்டிட்டன்."

"நீ?"

"நான் அங்கைதான். ஆள் இல்லாட்டித் திரும்ப இஞ்சைதானே வருவாங்கள்." பிறகு மகனின் கையைப் பார்த்தான். "ஆஸ்பத்திரிக்கு வந்தனான். வார்ட்டு வாசல் மட்டும். உள்ளை வரப் பயமாப்போச்சு."

அவர்களோடு அவனுக்கு என்ன பிணக்கு என்று நான் கேட்டேன். சொல்லமாட்டேன் என்று தலையை ஆட்டினான். பொலிசுக்குப் போ என்றேன். ஓம் என்றான். பிள்ளைகள் எங்களைச் சமாதானப்படுத்தச் சொல்கிற ஓம். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறேன் என்று அண்ணை வந்து கையைப் பிடித்தார். வேண்டாம் என்று எழும்பினான். கொளுக்கியைப் பார்க்காமலே திறந்துகொண்டு, கண்ணாடி உடைந்த மோட்டார் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனான். கேற்றுக் கட்டத்தில் அவன் போவது தெரிந்தது. பிறகு கேற்று மட்டும்.

அவன் சொன்னபடியே ஒருவரும் வரவில்லை. நாட்கள் போயின. நான் குசினியில் நின்று பழையபடி மீன் கழுவத் தொடங்கியிருந்தேன். கேற்றைப் பார்க்காமல் ஒரு பாடம் முழுவதும் நடத்தி முடித்த நாளும் இருந்தது.

ஒரு காலை மீன்காரர் பெட்டியைத் திறக்காமல் கேற்றில் நின்றார்.

"சுன்னாகத்துப் பக்கம் நேற்று ஒரு பொடியனை வெட்டிப்போட்டாங்களாம் ரீச்சர். தனிய இருந்தவனாம். வீடெல்லாம் அடிச்சு நொறுக்கியிருக்குதாம். ஓடேல்லையாம், கதவைத் திறந்தவனாம் எண்டு சனம் கதைக்குது."

"உயிர்?"

"இருக்காம். பெரியாஸ்பத்திரியிலையாம்."

முதலில் எனக்குள் என்ன வந்தது என்பதை எழுதாமல் விட்டால் இதை எழுதியதில் பயனில்லை. மூச்சு இறங்கியது. இங்கே இல்லை, அங்கே. என் பிள்ளை இல்லை, அந்தப் பிள்ளை. அதற்குப் பிறகுதான் கேற்றைப் பிடித்தேன்.

மகன் எனக்குப் பின்னால் நின்றிருக்கிறான். எல்லாம் கேட்டிருக்கிறான். உள்ளே போய்ச் சேட்டை மாற்றிக்கொண்டு வந்தான். ஒரு கையால் பொத்தான் பூட்ட அவனுக்கு இன்னும் நேரம் எடுக்கும். நான் உதவிக்குப் போகவில்லை.

"எங்கை?"

"ஆஸ்பத்திரிக்கு. அவன் வாசல் மட்டும் வந்தவன். நான் உள்ளை போவன்."

"நானும் வாறன்."

"வேண்டாம் அம்மா. பள்ளிக்கூடத்துக்கு நேரமாச்சு. பஸ்ஸிலை போயிட்டு வாறன்."

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு அவன் தனியே ஒழுங்கை தாண்டியதில்லை. நான் விட்டதில்லை. இப்போது கேற்றின் கொளுக்கியைத் திறந்து விட்டேன்.

உள்ளே வந்து தொலைக்காட்சிக்கு முன்னால் நின்றேன். கட்டத்தில் அவன் முதுகு. இடது கை உடம்போடு ஒட்டி, வலது கையில் ஒரு பை. அதற்குள் எங்களுக்கு வந்த பிஸ்கற் பெட்டிகளில் ஒன்று. முடக்கில் திரும்பினான். பாடசாலைக்கு அன்று நான் போகவில்லை.

மத்தியானம் தெற்கே இருண்டு இடி முழங்கத் தொடங்கியது. பழக்கத்தில் போய் றவுட்டரின் பிளக்கில் கையை வைத்தேன். கழற்றவில்லை. எரிந்தால் எரியட்டும். கையை எடுத்துக்கொண்டு வந்து கதிரையில் இருந்தேன். மழை விழுந்து கமராவின் கண்ணாடியை மங்கச் செய்தது. கேற்று அப்படியே தன் இடத்தில் தெரிந்தது. அவன் இன்னும் வரவில்லை.